டிவியில் பிசி கேம்: எத்தனை பிக்சல், எந்த ஆன்டி-அலியாசிங்?

55 அங்குல 4கே டிவியின் திரை அகலம் ஏறக்குறைய 122 செ.மீ. அதில் 3840 பிக்சல்கள் வரிசையாக இருப்பதால் ஒன்றின் அகலம் 0.32 மி.மீ. ஆகிறது. மேசையில் வைக்கும் 27 அங்குல 1440பி மானிட்டரில் ஒரு பிக்சல் 0.23 மி.மீ. தான். பிக்சலுக்குப் பிக்சல் பார்த்தால் டிவிதான் கரடுமுரடானது. ஆனால் மானிட்டருக்கும் கண்ணுக்கும் இரண்டடி. டிவிக்கும் சோபாவுக்கும் எட்டடி. டிவிக்கான எல்லா அமைப்புகளையும் முடிவு செய்வது இந்தத் தூரம்தான்.

6/6 பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். அந்தக் கணக்கில் 55 அங்குலத் திரையின் 1080பி பிக்சல்கள் சுமார் 2.2 மீட்டரைத் தாண்டினால் தனித்தனியாகத் தெரியாது. 1440பிக்கு அந்தத் தூரம் 1.6 மீட்டர், 4கேக்கு 1.1 மீட்டர். எட்டடி என்பது 2.4 மீட்டர். அப்படியானால் 1080பியே போதுமா? சினிமாவுக்கு ஏறக்குறையப் போதும், கேமுக்குப் போதாது.

காரணம், இரண்டு படங்களும் உருவாகும் விதம் வேறு. கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் தன் பரப்பில் விழும் ஒளி முழுவதையும் சேர்த்துச் சராசரியாக்கித் தருகிறது. கேமில், பிக்சலின் நடுவிலுள்ள ஒரே புள்ளியில் என்ன இருக்கிறது என்று பார்த்து நிறம் முடிவாகிறது. தூரத்து மின்கம்பி அந்தப் புள்ளியைத் தொட்டால் பிக்சல் கறுப்பு. தொடாவிட்டால் வானத்தின் நீலம். காட்சி அரை பிக்சல் நகர்ந்தாலே கம்பி துண்டு துண்டாக அறும், மறுபடி சேரும், மினுங்கும். பிக்சலைப் பிரித்தறிய முடியாத தூரத்திலும் இந்த மினுக்கம் கண்ணில் உறுத்தும். எட்டடியில் லேசான மங்கல் தெரிவதேயில்லை; மினுக்கம் தெரியாமல் போவதேயில்லை. டிவியில் காசையும் கிராபிக்ஸ் கார்டின் திறனையும் மினுக்கத்தை அடக்கவே முதலில் செலவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் டிவியைச் சரிசெய்தாக வேண்டும். பழைய பிக்சர் டியூப் காலத்திலிருந்து வந்த ஓவர்ஸ்கேன் பழக்கம் பல டிவிகளில் இன்னும் இருக்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு மீதியை இழுத்துப் பெரிதாக்குவது அதன் வேலை. விண்டோஸ் டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால் அதுதான் அடையாளம். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்ற பெயர்களில் இதற்கான மாற்று கிடைக்கும். அடுத்தது ஷார்ப்னஸ். அதைக் கூட்டினால் ஒவ்வொரு ஓரத்தையும் ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று எழும். கேம் சிரமப்பட்டு மென்மையாக்கிய ஓரத்தை டிவி மறுபடி ரம்பமாக்கிவிடும். பல டிவிகளில் பூஜ்யமே சரியான அளவு. சோனியில் 50தான் நடுநிலை. கேம் மோடையும் போட்டுவிட வேண்டும். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும்.

நிறத் தகவலையும் ஒருமுறை சோதிப்பது நல்லது. எச்டிஎம்ஐ 2.0 வழியாக நொடிக்கு 18 கிகாபிட் போகும். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறத்துக்கு அது சரியாக இருக்கும். எச்டிஆருக்காக 10 பிட்டுக்குப் போனால் இடம் போதாமல் நிறத் தகவல் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைக்கப்படுகிறது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். எழுத்தின் ஓரம் நனைந்த காகிதத்து மை போலக் கசிந்திருக்கும். 48 கிகாபிட் எச்டிஎம்ஐ 2.1இல் 4கே, 120 ஹெர்ட்ஸ், 10 பிட் மூன்றும் குறைவில்லாமல் வரும். பல டிவிகளில் அந்த போர்ட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைத்தால்தான் முழு நிறமும் கிடைக்கிறது.

இனி ரெசல்யூஷன். 4கே என்றால் 83 லட்சம் பிக்சல். 1440பி 37 லட்சம். 1080பி 21 லட்சம். கிராபிக்ஸ் கார்டு திணறினால் பலர் விண்டோஸ் ரெசல்யூஷனையே 1440பிக்கு இறக்கிவிடுகிறார்கள். இது தவறான இடத்தில் கை வைப்பது. ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாக நீட்ட வேண்டியிருப்பதால் டிவி எல்லாவற்றையும் கலங்கலாக்கும். வசன எழுத்தும் வரைபடமும் சேர்ந்து மங்கும். வெளியே போகும் சிக்னலை 4கேயிலேயே விட்டு, கேமுக்குள் இருக்கும் ரெண்டர் ஸ்கேலை மட்டும் குறைத்தால் எழுத்துகள் 4கேயில் கூர்மையாக நிற்கும், காட்சி மட்டும் குறைந்த பிக்சலில் வரையப்படும்.

மினுக்கத்தையும் ரம்ப ஓரத்தையும் அடக்கும் ஆன்டி-அலியாசிங் முறைகள் எல்லாம் டிவியில் ஒரே தரமாகத் தெரிவதில்லை. எஃப்எக்ஸ்ஏஏ வரைந்து முடித்த படத்தில் ஓரங்களைத் தேடித் தேய்க்கிறது. சுமை மிகக் குறைவு. நின்ற படத்தில் அழகு. ஆனால் அறுந்த கம்பியை அதனால் ஒட்டவைக்க முடியாது. எம்எஸ்ஏஏ ஒரு பிக்சலுக்குள் 2, 4 அல்லது 8 புள்ளிகளில் முக்கோண ஓரத்தைச் சோதிக்கிறது. 2015இல் பிசிக்கு வந்த 'ஜிடிஏ 5'இல் இரண்டும் உண்டு. எஃப்எக்ஸ்ஏஏ மட்டும் போட்டுக் காரில் போனால் தெருக்கம்பிகள் புள்ளிக்கோடாக நெளியும். 4 மடங்கு எம்எஸ்ஏஏ போட்டதும் கம்பி கம்பியாக நிற்கும்.

2019இல் பிசிக்கு வந்த 'ரெட் டெட் ரிடெம்ஷன் 2' வேறு விதம். அதில் தலைமுடியும் இலையும் புள்ளி புள்ளியாகவே வரையப்படுகின்றன. முந்தைய ஃபிரேம்களைக் கலந்து அவற்றை நிரவ டிஏஏ வரும் என்று நம்பியே செய்த ஏற்பாடு அது. டிஏஏவை அணைத்தால் கதாநாயகன் ஆர்தரின் தாடி சல்லடை போலாகிவிடும். 1080பியில் அதே டிஏஏ புல்வெளியைக் கஞ்சியாக்குகிறது என்ற புகாரும் நியாயமானதே. 4கேயில் அந்த மங்கல் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

2021இல் இந்த கேமுக்கு வந்த டிஎல்எஸ்எஸ், டிவிக்கு மிகவும் பொருந்துகிறது. 4கே வெளியீட்டில் 'குவாலிட்டி' நிலை 1440பியிலும் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலை 1080பியிலும் வரைந்து, பழைய ஃபிரேம்களின் துணையோடு 4கே படத்தைக் கட்டுகிறது. இரண்டடியில் இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசம் தெரியும். எட்டடியில் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 2 என்விடியா அல்லாத கார்டுகளிலும் ஓடும். புல்லிலும் மெல்லிய கம்பியிலும் அதில் மினுக்கம் கொஞ்சம் கூடுதல் என்பதால் 'குவாலிட்டி'க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

ஃபிரேம்களைக் கலக்கும் முறைகளில் வேகமும் படத்தரத்தின் ஒரு பகுதி. எட்டு ஃபிரேம் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 ஃபிரேமில் அது கால் நொடிக்கு மேற்பட்ட பழைய படம்; 60இல் அதில் பாதி. ஓடும் குதிரையின் பின்னால் இழுபடும் நிழல்வாலும் பாதியாகக் குறையும். முழு 4கேயில் 40 ஃபிரேமில் தடுமாறுவதைவிட 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் சீரான 60 எடுப்பது டிவியில் எல்லா வகையிலும் மேல்.

1080பி டிவி வைத்திருப்பவர்கள் எதிர்த்திசையில் போகலாம். 'ஜிடிஏ 5' போன்ற பழைய கேமை என்விடியாவின் டிஎஸ்ஆர் 4 மடங்கில் ஓட்டினால், காட்சி 4கேயில் வரையப்பட்டு, நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு டிவிக்குப் போகும். கேமரா செய்யும் சராசரிக்கு மிக நெருக்கமான வேலை இது. கார்டில் பலம் மிஞ்சியிருந்தால் இதைவிட அமைதியான படம் அந்தத் திரையில் கிடைப்பது அரிது.