அழைப்பிதழில் குழந்தை எங்கே?

இளைஞர் ஒருவர் வந்தார், நம் தோழர். கையில், அச்சுக்குப் போகவேண்டிய அழைப்பிதழ். தம் மகளின் முதலாம் ஆண்டுப் பிறந்த நாள் விழாவுக்காம். "பிழை பார்த்துத் தாருங்கள், அண்ணே!" என்றார்.

எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. திருத்த ஒரு நொடி போதும். ஆனால் ஏடுகளைத் திறனாய்ந்து பழகிய கண், எழுத்தோடு நிற்குமா? இவ்விலக்கியம் யாரைப் பாடுகிறது, யாருக்காகப் பாடுகிறது என்று தேடாமல் விடுமா?

தேடினேன். முதல் வரியில் ஊர்ப் பெரியவர் ஒருவர். அடுத்து, இரு வீட்டுத் தாத்தாக்கள், வகித்த பதவிகளோடு. அப்புறம், பெற்றோர், பெற்ற பட்டங்களோடு. பிறகு மண்டபத்தின் பெயர், மற்றெல்லா எழுத்தினும் பெரிய எழுத்தில்! கடைசி மடிப்பில், பலூன் படங்களுக்கு நடுவே, குழந்தை. காப்பியத் தலைவிக்குக் கிடைத்த இடம் அது.

நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். ஒரு நாள் காலை 6 மணிக்கு, நட்சத்திரம் பார்த்து, ஆயுள் வேண்டி ஹோமம். பத்து நாள் கழித்து, மாலை 7 மணிக்கு, மண்டபத்தில் கேக் வெட்டுதல். ஒரு குழந்தைக்கு இரண்டு பிறந்த நாள்! நிலவு வானில் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 27 நாள். அப்பாதையைக் கூறுபோட்டு 27 நட்சத்திரம் என்றனர். அந்தக் கணக்கும் தேதிக் கணக்கும் ஆண்டுதோறும் ஒத்துவருவதில்லை.

"எது மெய்யான பிறந்த நாள்?" என்றேன்.

"தேதிதான், அண்ணே."

"அப்படியானால் இந்தப் புகை?"

"அத்தைக்காக" என்றார், தலை தாழ்த்தி.

இவர் திருமணம் சுயமரியாதைத் திருமணம். 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பளித்த அந்த முறையில், மாலை மாற்றி மணந்தவர். மணமேடைக்கு வரவிடாத புரோகிதரைத் தொட்டிலுக்கருகே அமர்த்துகிறார்!

அந்த மூதாட்டியை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிறந்த பிள்ளை ஓராண்டு தங்குமா என்று தாய்மார் நடுங்கிய காலத்தின் அச்சம் அது. அவர் தாய் நடுங்கியிருப்பார், பாட்டி நடுங்கியிருப்பார். இன்றோ, 2020ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்போர் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. குறைத்தது எது? தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, தூய குடிநீர், தாய்மார் பெற்ற கல்வி. அந்தப் பதின்மூன்றையும் குறைக்கப் போவதும் இவையே. அழைப்பிதழில் யார் பெயரையாவது முதலில் போட்டே தீர வேண்டுமென்றால், தடுப்பூசி போட்ட செவிலியர் பெயரைப் போடுங்கள் என்றேன். தோழர் சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

மாலை விழாவுக்கு வருவோம். அழைக்கப்படுவோர் 300 பேர். குழந்தை உறங்கும் நேரம் ஏழரை மணி. ஒலிபெருக்கி அலறும், பலூன் வெடிக்கும், குழந்தை வீறிடும், 'சிரி, சிரி' என்று படம் பிடிப்பவர் கெஞ்சுவார். கேக்கை நோக்கி நீளும் கையைத் தாய் பிடித்து இழுப்பாள். படம் இன்னும் எடுக்கவில்லையே! இத்தனைக்கும், இரண்டு வயதுக்குள் இனிப்பு மிகுந்த தின்பண்டம் ஆகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. குழந்தை தொடவும் கூடாது, தின்னவும் கூடாது. பிறகு யாருக்கு அந்தக் கேக்?

பாண்டியன் அறிவுடை நம்பி ஒரு மன்னன். புறநானூற்றில் அவன் பாட்டு ஒன்று உண்டு. உண்கலத்தில் கைவிட்டு அளைந்து, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு, செல்வம் எவ்வளவு இருந்தும் பயனற்றது என்கிறான். அரண்மனைக்காரனுக்குச் சோறு சிந்துவது அழகாகப் பட்டது. வாடகை மண்டபக்காரருக்குச் சட்டை கறைபடுமே என்ற கவலை!

பிள்ளைத்தமிழையும் தோழருக்கு நினைவூட்டினேன். தெய்வங்களைத் துணைக்கு அழைக்கும் காப்புப் பருவத்தைப் பாடியவர்களிடமே விட்டுவிடுவோம். மற்றவற்றைப் பாருங்கள். தலையசைத்தால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, நடந்துவர அழைத்தால் வாரானை. நட்சத்திரம் என்ன சொன்னது என்றல்ல, பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துப் பருவம் வகுத்த தமிழ் இது! கடவுளையும் காவலனையும் பாட வந்த புலவனும், ஏதோ ஒரு வீட்டு முற்றத்துக் குழந்தையைப் பார்த்துத்தானே எழுத வேண்டியிருந்தது? ஓராண்டு நிறையும் பருவம், வாரானைக்கு உரியது.

மண்டபத்தில் பாடப்போகும் ஆங்கில வாழ்த்தின் கதையும் சுவையானதே. அமெரிக்காவில், லூயிவில் நகரத்துச் சகோதரியர் இருவர், மழலையர் பள்ளியின் காலை வணக்கத்துக்காக அமைத்த மெட்டு அது, 1893இல் அச்சேறியது. பிள்ளைகளின் பாட்டுக்கு ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடிப் பணம் வாங்கி வந்தது. அந்த உரிமை செல்லாதென 2015இல்தான் நீதிமன்றம் சொன்னது.

"செலவுக்கு என்ன வழி?" என்று கேட்டேன். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகிறதாம். மகள் நடை பயிலும் ஆண்டு முழுதும் தந்தை வட்டி கட்ட வேண்டும்.

தாளைத் திருப்பி, பின்புறத்தில் எழுதினேன்: காலை 10 மணி, குழந்தை உறங்கி எழுந்த பின். இடம், வீட்டுத் திண்ணை. தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரின் மகளும் அதில் ஒருத்தி, பாத்திரம் எடுத்துவைக்க அல்ல, பக்கத்தில் உட்கார. உணவு, குழைந்த பருப்புச் சோறு, சிந்தத் தடையில்லை. விளையாட்டு, கைகொட்டல். பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் சிக்கினால் உயிருக்கே கேடு.

தோழர் இருமுறை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அத்தையிடம் யார் சொல்வது, அண்ணே?"

செருப்பை மாட்டிக்கொண்டேன். இருவருமாக அவர் வீட்டை நோக்கி நடந்தோம்.