தொடாமல் துடைக்கும் கை

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதன் நுணுக்கம், எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. கத்தி பட்டையைச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே மரத்தில் காயம் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. ஜொகூரில் உள்ள பாலோவைச் சுற்றி இன்று பெரும்பாலும் செம்பனைதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த அந்தக் கை மறைந்துவிடவில்லை. ஒரு கார்ப் பட்டறையில் நான் அதைப் பார்த்தேன்.

என் பழைய கார் சில வாரங்களாக மக்கர் செய்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓட நிறுத்தி வைத்தால் நடுங்கும். லாபிஸ் போகும் சாலையில் மேடு ஏற மிதித்தால், ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். பெட்ரோல் வேறு அதிகம் குடித்தது. வேறொரு ஊர்ப் பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0101 என்று வந்ததும், "ஏர் ஃப்ளோ சென்சர் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியைப் பாலோவுக்கு ஓட்டி வந்தேன்.

இங்கே பட்டறை வைத்திருப்பவர் அறுபதை நெருங்குகிறவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது அதில் கார்புரேட்டர் இருந்தது. ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்துகிற காலம் அது. அந்தக் காதோடுதான் இவர் சென்சர் காலத்துக்குள் வந்திருக்கிறார்.

அந்தச் சென்சர் எனக்கு ஓர் அதிசயம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும், அதாவது 9,000 லிட்டருக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றை ஓடுகிற வண்டியில் நிறுக்கும் தராசு இது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயில், விரல் நீளச் சாமானுக்குள், முடிபோன்ற பிளாட்டினக் கம்பியோ மெல்லிய தகடோ சூடாக்கப்பட்டு நிற்கிறது. காற்று அதைத் தழுவிக் குளிர்விக்கிறது. சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்தே எவ்வளவு காற்று போனது என்று கணினி அறிகிறது. சூடான கம்பிக்கும் காற்றோட்டத்துக்கும் உள்ள இந்த உறவை 1914இல் கணக்காக எழுதியவர் லூயி வெசோ கிங். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்.

பழைய போஷ் அமைப்புகளில் இன்னும் அழகான ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்ததும், அந்தக் கம்பி ஒரு நொடிபோல ஏறத்தாழ 1,000 டிகிரிக்குச் சூடேறித் தன்மீது படிந்த அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். இன்றைய சென்சர்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. அங்கேதான் மனிதக் கைக்கு வேலை வருகிறது.

எல்லாக் கார்களிலும் இந்தச் சென்சர் கிடையாது. பழைய மைவி கார் காற்றை நிறுப்பதில்லை. குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும். பழைய வியோஸ், கிராண்ட் லிவினா போன்றவற்றில் இது உண்டு.

அவர் உடனே சென்சரைத் தேடிப் போகவில்லை. சென்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் குழாயை விரல்களால் வளைத்து, மடிப்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அங்கே ஒரு கீறல் இருந்தால் நிறுக்கப்படாத காற்று உள்ளே போகும். பழி மட்டும் சென்சர்மேல் விழும். ஏர் ஃபில்டரை எடுத்தார். தோட்டத்துச் செம்மண் அதில் அப்பியிருந்தது. செம்பனைக் குலை லாரிகளின் பின்னால் நாள்தோறும் ஓடுகிற வண்டிக்கு வேறென்ன படியும்? அதன் ஓரம் பெட்டியில் சரியாக உட்கார்ந்திருக்கவில்லை. "அழுக்கு உள்ளே வந்ததுக்கு இதான் தம்பி வழி" என்றார். பிறகுதான் ஸ்கேனர். வந்த எண்ணைப் படித்ததோடு அவர் நிற்கவில்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்பதைப் பார்த்தார். என் கார் அளவுள்ள எஞ்சினுக்கு இரண்டு, மூன்று கிராம் இருக்க வேண்டும். குறைவாகக் காட்டியது.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, இரண்டு ஸ்குரூவை எடுத்துச் சென்சரை உருவினார். என் மூச்சு நின்றது அப்போதுதான். துணி இல்லை, பஞ்சு இல்லை, விரல் கிட்டவே போகவில்லை. அதற்கென்றே உள்ள ஸ்பிரேயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சிறு சிறு வீச்சாகப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தார். பழுப்பு நீர் சொட்டியது. பிரேக் கிளீனர், கார்ப் கிளீனர் எதையும் இதன் பக்கம் கொண்டுவர மாட்டார். சில பிளாஸ்டிக்கையும் மேற்பூச்சையும் அவை தின்றுவிடும். காற்றுக் குழாயால் ஊதி உலர்த்தவும் இல்லை. நிழலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். ஈரத்தோடு மாட்டினால் வேலை கெடும். அந்த இருபது நிமிடக் காத்திருப்பும் வேலையில் சேர்த்திதான். இதைத்தான் நான் கலை என்கிறேன். எவ்வளவு செய்வது என்பதைவிட, எங்கே கையை எடுப்பது என்று தெரிந்திருப்பது.

புதிது போடவே வேண்டிய வண்டிகளும் உண்டு. கழுவியும் ஸ்கேனர் காட்டும் அளவு ஏறாவிட்டால், கம்பி அறுந்திருந்தால், வேறு வழியில்லை. அப்போது அவர் பிடிவாதக்காரர். பழையதன் பாக எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மலிவுச் சாமான் தவறான எடை சொல்லும் என்பார். அதைவிட, பழைய கார்களை அறுத்து விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைக்கும் ஒரிஜினலே மேல் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க, சென்சரை மாட்டினார். புது ஃபில்டர் போட்டு, நான்கு கிளிப்பையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எஞ்சின் நடுங்கவில்லை. ஸ்கேனரில் 2.4 கிராம்.

உங்கள் வண்டியிலும் யாராவது இந்தச் சாமானை மாற்றச் சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். முதலில் ரப்பர்க் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, அந்தக் கை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.