நிலமறிந்த சிற்பி

கோல்ஃப் மைதானங்களைக் கண்டு ரசிப்பவர்கள் பசும்புல்லையும் நீர்நிலையையும் வெண்மணல் பள்ளங்களையும் வியந்து பேசுவது வழக்கம். ஆனால் அந்த மைதானத்தை உண்டாக்கத் துணிந்த விடுதி அதிபர், உலகத்துச் சிற்பிகளில் இன்னாரைத்தான் அழைக்க வேண்டும் என்று எதைக் கண்டு தீர்மானித்தார் என்பதில் மனத்தைச் செலுத்துகிறவர்கள் மிகச் சிலரே. என் அபிப்பிராயத்தில், மைதானத்தின் சௌந்தரியத்தில் பெரும்பங்கு, மண்ணில் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே, அந்தத் தேர்விலேயே நிச்சயமாகிவிடுகிறது.

எங்கள் கிருஷ்ணகிரிச் சீமை கருங்கல்லுக்குப் பேர்போனது. விக்கிரகம் வடிக்க வந்த ஸ்தபதி பாறையைத் தட்டி, அதன் நாதத்தைச் செவிமடுத்து, ஆண்கல்லா பெண்கல்லா என்று தெளிந்த பிறகே உளியை எடுப்பது சிற்ப மரபு. மைதானச் சிற்பியின் முதல் வேலையும் இத்தகையதே. ஏறத்தாழ நூற்றைம்பது ஏக்கர் பூமியைக் காலால் நடந்து பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, குழியைச் சுற்றிய நுண்புல் தளத்துக்கு உரிய மேடை இயற்கையிலேயே எங்கெங்கே அமைந்திருக்கிறது என்றெல்லாம் கண்டறிந்து, பதினெட்டுக் குழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு யாத்திரை மார்க்கம் வகுப்பதுதான் அவருடைய வித்தையின் உயிர்நிலை. சாமானியமாக, பந்தை மூன்று முறை அடித்து முடிக்க வேண்டிய மூன்றடிக் குழி நான்கு, ஐந்தடிக் குழி நான்கு, நான்கடிக் குழி பத்து என்று அமைந்து, கூட்டினால் 72 வரும். காலையில் புறப்படுகிறவன் கண்ணில் உதயசூரியன் அடிக்காமலும், மாலையில் கடைசிக் குழிக்குத் திரும்புகிறவன் அஸ்தமன சூரியனை எதிர்கொள்ளாமலும் திசைகளை அமைக்க வேண்டும். ஒரு தளத்தில் ஆட்டம் முடிந்தவன் சில அடிகள் நடந்ததுமே அடுத்த குழியின் தொடக்கத்தை அடைய வேண்டும். தென்னாப்பிரிக்காவின் போயர் யுத்தத்தில் வைத்தியராகப் பணியாற்றி, எதிரிகள் நிலத்தின் மடிப்புகளில் தங்களை மறைத்துக்கொண்ட சாமர்த்தியத்தைக் கண்டு, அந்த மறைப்பு வித்தையையே பின்னாளில் மைதானக் கலைக்குக் கொண்டுவந்த அலிஸ்டர் மெக்கென்சி, 1920-ல் வெளியிட்ட தமது நூலில் இந்த நடைத்தூர நியமத்தையும் வற்புறுத்தியிருக்கிறார்.

நம் நாட்டில் இந்தக் கலை தொடங்கிய காலத்தில் தேர்வு என்ற பிரச்னையே எழவில்லை. 1829-ல் கல்கத்தாவிலும், 1876-ல் பெங்களூரிலும், 1895-ல் கொடைக்கானலிலும் சங்கம் கூட்டியவர்கள் ஆட்டப் பிரியர்களே; அவர்களுக்கு ஊதியம் பெறும் சிற்பி தேவைப்படவில்லை. மனை விற்பனையும் உல்லாச விடுதியும் கோல்ஃப் ஆட்டத்தோடு கைகோத்த பிறகுதான் பெயர் என்பதற்கு ஒரு விலை ஏற்பட்டது. டெல்லியைச் சுற்றிய பிரதேசம் இதற்குத் தெளிவான சாட்சி. அங்கே கிளாசிக் விடுதிக்காரர்கள் ஜாக் நிக்லாஸை அழைத்து இருபத்தேழு குழிகள் அமைத்தார்கள், டி.எல்.எஃப். நிறுவனத்தார் 1999-ல் ஆர்னால்ட் பாமர் பெயரால் மைதானம் திறந்து, பிற்காலத்தில் கேரி பிளேயரைக் கொண்டு அதை மாற்றியும் விரித்தும் அமைத்தார்கள். ஜேபீ கிரீன்ஸ் கிரெக் நார்மனை நாடியது. நால்வரும் ஆட்டக்களத்தில் திக்விஜயம் செய்த சாம்பியன்கள். அவர்களுடைய கையொப்பத்தோடு வெளிவரும் மைதானத்துக்கு வடிவமைப்புக் கூலி மட்டுமே பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதுண்டு. அந்தத் தொகையை அதிபர் மைதானத்தைச் சுற்றி எழும் வீடுகளின் விலையில் ஈட்டிக்கொள்கிறார். அவருடைய வியாபாரக் கணக்கை நான் நிந்திக்கவில்லை. புகழ்பெற்ற பெயர் இல்லாவிட்டால் மனை வாங்குகிறவனும் வங்கிக்காரனும் அருகில் வரமாட்டார்கள் என்பது உண்மையே.

ஆயினும் அந்தக் கணக்கு கலைக்கு விளைவிக்கும் ஹானி வேறோர் இடத்தில் இருக்கிறது. வீடுகள் புல்வெளியைப் பார்த்து நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் மனைகளை முதலில் பிரித்துவிட்டு, எஞ்சிய கீற்றுகளில் குழிகளை அமைக்கச் சொன்னால், எந்த மகா சிற்பி வந்தாலும் நிலத்தின் நல்ல மேடைகளையெல்லாம் மாளிகைகளுக்கு விட்டுக்கொடுக்க நேர்கிறது. ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடையில் சாலை கடந்து வண்டியில்தான் போக முடிகிறது. யாத்திரை துண்டுபட்டுப் போகிறது. சிற்பியை எப்பொழுது அழைத்தார் என்று கேட்டாலே போதும், அந்த அதிபரின் ரசனையை அளந்துவிடலாம்.

கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த நிலத்தை நிர்வகித்த சாமுவேல் மோர்ஸ், கடலோரத்தை மனைகளாக விற்க இருந்த பழைய திட்டத்தைக் கைவிட்டு, அலை மோதும் பாறைக்கரையில் பெரும்பகுதியை ஆட்டத்துக்கே ஒதுக்கினார். அவர் தேர்ந்த சிற்பி யார்? தம்மிடமே மனை விற்பனையில் இருந்த, மாநில அமெச்சூர் சாம்பியனான ஜாக் நெவில். மைதானம் அமைத்த அனுபவம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கரையை அறிந்தவர். அவரும் டக்ளஸ் கிராண்டும் எட்டின் வடிவில் மார்க்கத்தை வளைத்து, இயன்ற அளவு குழிகளைக் கடலருகே கொண்டுவந்தார்கள். 1919-ல் திறந்த அந்த மைதானத்தை நூறாண்டு கடந்தும் உலகம் தேடிச் செல்கிறது.

இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையிலுள்ள பாண்டன் டியூன்ஸ் விடுதியின் சரித்திரம். மறுசுழற்சிக் காகிதத்தில் வாழ்த்து அட்டைகள் அச்சிட்டுச் செல்வம் ஈட்டிய மைக் கைசர், நகரங்களுக்கு வெகு தூரத்தில், முட்புதர் மண்டிய மணற்குன்றுகளை வாங்கினார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து தேசங்களின் பழைய கடலோர மைதானங்களில் மனத்தைப் பறிகொடுத்த அவர், தம் முதல் மைதானத்துக்கு எந்தச் சாம்பியனையும் தேடவில்லை. கிளெனீகிள்ஸ் மைதானத்துப் புல்லைப் பராமரித்த தலைமைக்காரரின் புதல்வரும், அப்பொழுது முப்பது வயதுகூட நிரம்பாதவருமான டேவிட் மெக்லே கிட் என்ற ஸ்காட்லாந்து இளைஞரைத் தேர்ந்தார். ஸ்காட்லாந்துப் புல்லோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் பாஷை தெரியும் என்ற நம்பிக்கையைத் தவிர அந்தத் தேர்வுக்கு வேறு ஆதாரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1999-ல் மைதானம் திறந்தபோது உலகம் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தது. அந்த வெற்றிக்குப் பின் அவரையே மீண்டும் அழைத்து அதே அழகை இரட்டிப்பது சுலபம். கைசர் அப்படிச் செய்யவில்லை. 2001-ல் பசிபிக் டியூன்ஸுக்கு டாம் டோக். 2005-ல் கடலை விட்டு மரங்களுக்குள் செல்லும் பாண்டன் டிரெயில்ஸுக்கு பில் கூர், பென் கிரென்ஷா இருவர். இவ்வாறு ஒவ்வொரு நிலத்தின் சுபாவத்துக்கும் தனித்தனியே சிற்பியைத் தேடினார். ஆட வந்தவர்கள் நடந்தே ஆட வேண்டும் என்ற விதியையும் ஏற்படுத்தினார். நடந்து பார்க்கும்படி அமைந்த நிலத்தில் அது ஒரு பாக்கியமே.

நமக்கு அருகில் இலங்கையிலும் இத்தகைய தேர்வு ஒன்று நிகழ்ந்தது. மகாவலி நதியைத் தடுத்து எழுந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், கண்டிக்கு அருகே திகனையில் விடுதி மைதானம் அமைத்தவர்கள், நெடுங்காலம் பத்திரிகையில் கோல்ஃப் குறித்து எழுதி, எண்ணற்ற மைதானங்களைக் கண்டு தேர்ந்த கண் உடைய ஆங்கிலேயர் டொனால்ட் ஸ்டீலை அழைத்தார்கள். தென்னைகளும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் நீர்த்தேக்கமும் காட்சி தரும் அந்த இடத்தில், செயற்கைக் குளங்களும் ஆடம்பரங்களும் வேண்டியதில்லை என்று அறிந்த சிற்பி வாய்த்தது அந்த நிலத்தின் அதிர்ஷ்டம். சாம்பியன்கள் அனைவரும் வெறும் பெயர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன், 1964-ல் தொடங்கிய இந்தியன் ஓபனின் முதல் பட்டத்தையும் வென்றவர். நம் புழுதியிலும் வெயிலிலும் ஆடி, நம் மண்ணைக் காலால் அறிந்தவர். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தார் மைதானம் அமைக்க அவரை நாடியதில் பெயரும் பொருத்தமும் ஒருசேர அமைந்தன.

இப்பொழுது பெங்களூரின் செல்வம் எல்லை கடந்து எங்கள் பக்கம் பெருகி வருகிறது. நந்தி மலையடியில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர் எழுந்தது போலவே, ஓசூர் அருகில் குளோவர் கிரீன்ஸ் எழுந்துள்ளது. நான் இருக்கும் நாட்றாம்பாளையம், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் மார்க்கத்தில், மலையும் காடும் கேழ்வரகுக் கொல்லையும் பாறையும் கலந்து கிடக்கும் பூமி. நில அதிபர் ஒருவர் இங்கே மைதானம் எண்ணி வந்தால், அவர் தேர்ந்த சிற்பிக்கு விமானப் படங்களையும் உயரக்கோட்டு வரைபடங்களையும் அனுப்பிவிட்டுக் கையொப்பம் வாங்குவது போதாது. ஆடிக் காற்று மேட்டுநிலத்தைத் துடைத்துச் செல்லும்போது ஒருமுறையும், புரட்டாசி ஐப்பசி மழையில் செம்மண் ஓடைகள் புரண்டு வரும்போது ஒருமுறையும், கேழ்வரகு முற்றிய நாட்களில் தளி, ஜவளகிரிக் காடுகள் வழியாக யானைக்கூட்டம் இறங்கி வரும்போது ஒருமுறையும் அந்தச் சிற்பி இங்கே தங்க வேண்டும். கிணறும் போர்வெல்லும் வற்றும் சித்திரை வைகாசியில் நுண்புல்லுக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதைக் குடியானவர்களிடமே கேட்டறிய வேண்டும். காவிரி வடக்குச் சரணாலயத்தை ஒட்டிய பூமியாயின், இவ்வளவும் கண்ட உத்தம சிற்பி இந்த இடம் வேண்டாம், ஓசூர் மேட்டில் வேறு நிலம் பாருங்கள் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்து, சொன்னாலும் கூலியை முழுமையாகக் கொடுக்கச் சித்தமாயிருக்கும் அதிபர் ஒருவர் இந்தப் பக்கம் வரக் கண்டால், அவருடைய மைதானத்தைப் பார்க்க நான் எவ்வளவு தூரமானாலும் செல்வேன்.