சிவப்பு மை வைக்கும் இடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்கள் பலருக்கு உதவித்தொகை சும்மா வருவதில்லை. முதலாண்டு இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தர வேண்டும். ஷேக்ஸ்பியரை ஆராய வந்தவர் கையில் வருகைப் பதிவேட்டைக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே, எழுத்து கற்பிக்கும் கோட்பாடுகள் பற்றி அவரும் ஒரு வகுப்பில் மாணவராக உட்கார வேண்டும். படித்த கோட்பாட்டை மறுநாளே சோதித்துப் பார்க்க ஆள் இருக்கும் துறை இது. ஆகவே எழுத்து கற்பிக்கும் ஒவ்வொரு வழியையும் அதன் தத்துவத்தைக் கொண்டு எடை போடுவதைவிட, திருத்துகிறவர் சிவப்பு மையை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. எழுதியவர்களின் லட்சணத்தைப் பார்த்துத் திகைத்து, 1885-இல் முதலாண்டுக்கென்றே தனிப் பாடம் வைத்தது. அந்த மரபில் மை எழுத்துப்பிழை மேலும் காற்புள்ளி மேலும் விழுந்தது. இலக்கண விதிகளைத் தனியே ஒப்பிக்க வைப்பதால் எழுத்து மேம்படுவதில்லை என்று 1963-இல் பிராடக் என்பவரின் ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

1971-இல் வெளியான ஆய்வுக்காக ஜேனட் எமிக், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேரை வாய்விட்டுச் சிந்தித்தபடியே எழுதச் சொல்லிக் கவனித்தார். சட்டகம் போடு, எழுது, திருத்து என்று பாடநூல் சொன்ன வரிசையில் எழுத்து நடக்கவில்லை. பீட்டர் எல்போ 1973-இல், கை நிறுத்தாமல் பத்து நிமிடம் எதையாவது எழுதுங்கள், பேனாவை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்றார். மை மூடி வைக்கப்பட்டது. ஃபிளவர், ஹேய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் எழுதும் மூளையை வரைபடமாகவே போட்டார்கள். அழகான படம்தான், வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

மினா ஷாக்னெஸியிடம் நின்று பேச வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் நகரில் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது, அதன் அங்கமான சிட்டி காலேஜில் வந்து குவிந்த தாள்களைக் கண்டு பேராசிரியர்கள் தலையில் கை வைத்தார்கள். ஷாக்னெஸி சுமார் 4,000 தாள்களை ஊன்றிப் படித்தார். பிழை சோம்பலின் அடையாளமல்ல, அதற்குள் ஒரு நியாயம் உண்டு என்று 1977-இல் ஒரு நூலாகவே நிறுவினார். 'த்ரீ புக்' என்று ஒருவர் எழுதினால், மூன்று என்ற எண்ணே பன்மையைச் சொல்லிவிட்டதே என்பது எழுதியவரின் கணக்கு. பத்து ரூபாய், நூறு தேங்காய் என்று பேசிப் பழகிய நமக்கு அதில் என்ன அதிசயம்? இங்கே மை அடிப்பதை விட்டு, ஏன் என்று கேட்கத் தொடங்கியது. நூல் வந்த மறு வருடமே அவர் மறைந்தார்.

டேவிட் பார்தலோமே 1985-இல் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார்: பழகாத பல்கலைக்கழகக் குரலில் ஏற்கெனவே அறிஞனாகிவிட்டவன் போல மாணவன் பேச வேண்டியிருக்கிறது. அவருக்கும் எல்போவுக்கும் நடந்த வாதம் 1995-இல் அச்சேறியது. மாணவனை எழுத்தாளனாக வளர்ப்பதா, கல்விப்புலத்தானாக வளர்ப்பதா என்பதே சண்டை. எந்தக் கற்பித்தலும் அரசியலற்றதல்ல என்ற ஜேம்ஸ் பெர்லினின் கட்சியும் இடையில் வலுத்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் கற்பித்துவிட்டு அமெரிக்கா போன சுரேஷ் கனகராஜா, தாள் தட்டுப்பாட்டுக்கு நடுவே ஆய்விதழ்களுக்கு எழுதுவதன் பாட்டை 2002 நூலில் விவரித்தார். 2006-இல், மாணவர் தம் ஆங்கிலத்தைப் பேச்சோடு நிறுத்தாமல் கல்விக் கட்டுரைக்குள்ளேயே கலந்து எழுதலாம் என்று வாதிட்டார். மையின் அதிகாரத்தையே கேள்வி கேட்டவர் அவர்.

சரி, தரம்? கல்லூரி எழுத்துத் திட்ட நிர்வாகிகளின் அமைப்பு 2000-இல் வெளியிட்டு 2014-இல் புதுப்பித்த அறிக்கை, முதலாண்டு முடிவில் மாணவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. எவ்வளவு நன்றாக என்பதை அந்தந்தக் கல்லூரிக்கே விட்டுவிடுகிறது. நழுவல் என்று சிலர் குறைப்படலாம்; எனக்கு அது நேர்மையாகத் தெரிகிறது. சிட்டி காலேஜ் தாளையும் ஹார்வர்டு தாளையும் ஒரே படியால் அளந்த பழைய காலம் யாருக்கும் நல்லது செய்யவில்லை.

புது ஆசிரியர்களுக்கான இந்தக் கோட்பாட்டுப் பாடத்தைக் காலவரிசைப்படி ஹார்வர்டில் தொடங்குவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் முதல் வாரமே ஷாக்னெஸியைக் கொடுத்துவிட வேண்டும். முதல் கட்டுக் கட்டுரைகள் திருத்த வருவது மூன்றாம் வாரத்தில். எமிக்கும் எல்போவும் அதுவரை காத்திருக்கலாம்.