கடைசியில் வருபவரின் கணக்கு

பந்தயச் சைக்கிளோட்டத்தை அளந்து பார்ப்பதற்கு நம்மிடம் கருவிகளுக்குக் குறைவில்லை. 1976ஆம் ஆண்டு ஜூலையில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் வான் இம்ப் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்று பாரிஸில் மஞ்சள் மேலாடையுடன் நின்றபோது, இரண்டாவதாக வந்த யூப் ஸூட்டெமெல்கைவிட அவர் 4 நிமிஷம் 14 விநாடி முந்தியிருந்தார் என்பதும், அந்த நிமிஷங்களை எந்த மலையில் சம்பாதித்தார் என்பதும் விநாடி பிசகாமல் அச்சேறிவிட்டன. அதே கோடையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேற்கே, பந்தயத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான சாமானியர்கள், சட்டிபானையும் கூடாரமும் கட்டிய சைக்கிள்களில் ஒரு கண்டத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்து முடித்த காரியத்துக்கு எந்த அட்டவணையிலும் இடம் கிடைக்கவில்லை. முதலிடம் இல்லாத ஓட்டத்தில் திறமை என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எங்கே தேடுவது என்பதே நம் விசாரணை.

அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு நடந்த அந்தப் பெரும் பிரயாணத்துக்குப் பைக்சென்டென்னியல் என்று பெயர். அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கோடி முனைவரை சைக்கிளிலேயே போகும் உத்தேசத்துடன் 1972இல் கிளம்பிய கிரெக் சைப்பிள், ஜூன் சைப்பிள், டான் பர்டன், லிஸ் பர்டன் ஆகிய இரு தம்பதிகளின் மனத்தில், மெக்ஸிகோவைக் கடக்கும் சமயத்தில் உதித்த யோசனை அது. கிரெக் சைப்பிளின் முதற் கற்பனை மிக எளிமையானது: ஒரு தேதியைக் குறித்து விளம்பரம் செய்துவிட வேண்டியது, சான் பிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குச் சைக்கிளோடு வந்து சேர்ந்தவர்கள் அனைவரும் ஒரே ஜனசமுத்திரமாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட வேண்டியது. கேட்பதற்கு மனோகரமான இந்தக் கற்பனை அப்படியே நிறைவேறியிருந்தால், அந்தச் சமுத்திரம் முதல் மலைத்தொடரைக் கண்டதும் வற்றிப் போயிருக்கும் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. யோசனை காரியமாக உருவெடுத்தபோது, பயிற்சி பெற்ற ஒரு தலைவரின் கீழ் ஏறக்குறையப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாக மக்களைப் பிரித்து, நாள் தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. அந்தக் கோடையின் மிகச் சிறந்த ஆட்டம் இந்த ஏற்பாடுதான்; ஒருவரும் மிதியில் கால் வைப்பதற்கு முன்பே அது ஆடி முடிந்துவிட்டது.

பாதை மேற்கே ஆரிகன் மாநிலக் கடற்கரையில் தொடங்கி, பத்து மாநிலங்களைக் கடந்து, கிழக்கே வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முடிந்தது. நீளம் சுமார் 4,250 மைல், அதாவது 6,800 கிலோமீட்டருக்கும் மேல். கலந்துகொண்டவர்கள் 4,000 பேருக்கு அதிகம். முழு நீளத்தையும் ஓட்டியவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாதிப் பேர் இளைத்து நின்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது அவசரக்காரர் கணக்கு. பாதையின் ஒரு பகுதியை மட்டும் ஓட்டுவதென்று ஆரம்பத்திலேயே பதிவு செய்துகொண்டவர்கள் அநேகர். அவர்கள் தங்கள் எல்லையைத் தொட்டே வீடு திரும்பினார்கள்.

முழுப் பாதைக்கும் ஆகும் காலம் எண்பது நாட்களையொட்டி. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 53 மைல் வருகிறது. ஓரளவு பழகிய கால்களுக்கு ஒரு நாள் 53 மைல் என்பது பிரமாதமல்ல. எண்பது நாளும் அதே 53 மைல் என்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. முதல் வாரத்தின் உத்ஸாகத்தில் எண்பதும் தொண்ணூறுமாக ஓட்டிக் குவிப்பவருக்குத் தண்டனை மறுநாளே வந்துவிடுவதில்லை. தசைகள் இரண்டு வாரத்தில் பழகிவிடும், ஆனால் முழங்காலின் தசைநார்கள் அத்தனை சீக்கிரம் பழகுவதில்லையாதலால், ஆரிகனின் மெக்கென்ஸி கணவாயில் கனமான கியரை அழுத்தி ஏறிய வீராப்புக்கு மூட்டு வலி ஐடாஹோவில் ரசீது நீட்டுகிறது. தொடக்கத்தில் தன்னைத் தானே கட்டிப்போடத் தெரிந்தவரே முடிவுக்கு அருகதையுள்ளவர். பந்தயக்காரர் கடைசி நாளில் காட்டும் சாமர்த்தியத்தை யாத்திரிகர் முதல் வாரத்திலேயே காட்ட வேண்டியிருக்கிறது.

வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அஞ்சுவது ராக்கி மலைகளைக் கண்டு. கொலராடோவின் ஹூஸியர் கணவாய் 11,500 அடிக்கு மேல் உயர்ந்தது. மொத்தப் பாதையின் சிகரம் அதுவே. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், சமவெளியில் பாடிக்கொண்டு ஓட்டியவரும் அங்கே பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை எண்ணத் தொடங்குவார். ஆயினும் மேற்கத்திய மலைச் சாலைகள் பாரவண்டிகளை உத்தேசித்து நிதானமான சரிவில் வெட்டப்பட்டவை. சிறிய கியரில் போட்டுக்கொண்டு பொறுமையாக மிதித்தால் ஏறிவிடலாம். கிழக்கே, மிஸௌரியின் ஓஸார்க் குன்றுகளிலும், நிலக்கரி லாரிகளும் அவிழ்த்துவிட்ட நாய்களும் சேர்ந்து துரத்தும் கென்டக்கி மலைப் பிரதேசத்திலும், சாலைகள் நிலத்தின் மேடுபள்ளத்தை அப்படியே பின்பற்றுகின்றன. ஒரு குன்றின்மீது செங்குத்தாக ஏறி, அடுத்த கணமே கீழே விழுந்து, மீண்டும் ஏறி, நாள் முழுவதும் அதே வேலையாக இருப்பதால், உயரத்தில் அற்பமான அந்தக் குன்றுகளே கால்களை அதிகமாக உறிஞ்சிவிடுகின்றன. மலையைத் தாண்டிவிட்டோம், இனி எல்லாம் இறக்கந்தான் என்று கொலராடோவில் கொண்டாடியவர்களுக்குப் பாடம் அங்கேதான் காத்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே கான்ஸாஸ். கோதுமை வயல்களைத் தவிரக் கண்ணுக்கு வேறு ஆதாரமில்லாத அந்த மாநிலத்தில் எதிரி காற்று. கோடையில் அது பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசுகிறது. எதிர்க்காற்றாக இருந்தால் ஒருவர் பின் ஒருவர் ஒண்டிக்கொண்டு போகலாம். பாரம் ஏற்றிய சைக்கிள் எவ்வளவு மெதுவாகப் போனாலும், காற்றின் வேகமும் அதோடு கூடிக்கொள்வதால், முன்னால் போகிறவரின் முதுகு அங்கே நல்ல நிழல். பக்கக் காற்றில் அந்த மறைவு நேர் பின்னால் கிடைப்பதில்லை. சற்றுச் சாய்வாக, காற்று படாத பக்கத்தில்தான் கிடைக்கும். பந்தயக்காரர்கள் மூடிய சாலையின் அகலம் முழுவதும் சாய்ந்த வரிசையாகப் பரவி அந்த லாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள். லாரிகள் ஓடும் பொதுச் சாலையில் இரண்டு மூன்று பேருக்கு மேல் அப்படிப் பரவ இடமேது? ஆகவே விவேகமுள்ள குழு, பத்துப் பேராகத் திணறாமல் மும்மூன்று பேராகப் பிரிந்தும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதை அறிந்து விடியுமுன் புறப்பட்டும், நண்பகலுக்குள் அன்றைய கணக்கில் பெரும்பங்கை முடித்துவிடுகிறது.

பாரம் என்று சொன்னோம். கேரியரில் தொங்கும் மூட்டைகளின் கனம் முழுவதும் பின் சக்கரத்தின்மீது உட்கார, அந்தச் சக்கரத்தில் சங்கிலிப் பக்கத்துப் போக்ஸ் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாக நிற்பதால், உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கம்பியே. அக்காலத்துச் சைக்கிளில் அதை மாற்ற வேண்டுமானால் முதலில் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்ற அதற்கென்று ஒரு தனிச் சாவியும், அந்தச் சாவியைத் திருக நீண்ட ஸ்பானரும் வேண்டும். புதுக் கம்பியைப் போட்டபின் ரிம்மில் கோட்டம் எடுக்கத் தெரிந்த கையும் வேண்டும். தனியே போகிறவர் இத்தனையையும் தாமே சுமந்தாக வேண்டும். குழுவிலோ சாவி ஒருவர் மூட்டையில், ஸ்பானர் இன்னொருவர் மூட்டையில், சமையல் பாத்திரம் மூன்றாமவர் மூட்டையில் என்று பங்கிட்டுக்கொள்ளலாம். இந்தப் பங்கீட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: சாவி வைத்திருப்பவர் முன்னால் இருபது மைல் போய்விட்டால், பின்னால் கம்பி உடைந்து நிற்பவருக்குக் குழு இருந்தும் இல்லாததற்குச் சமானம். பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே ஆளும் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு, வேகத்தின் தலையில் விழும் வரி; அதை முகம் சுளிக்காமல் செலுத்துவதே கூட்டுப் பிரயாணத்தின் முதல் லக்ஷணம்.

தலைவரின் திறமையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். முன்னால் ஓடி வழிகாட்டும் தலைவரைவிட, எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் வந்து, உட்கார்ந்துவிட்டவரை எழுப்பி, வழி தவறியவரைத் திருப்பி அழைத்து வரும் தலைவரே குழுவைக் கரை சேர்க்கிறார். மேலும், இத்தகைய கூட்டங்கள் குலைவது மலையில் அல்ல, அடுப்படியில்: இன்று சமைக்கும் முறை யாருடையது, பொதுப் பணத்தில் யார் அதிகம் தின்கிறார், காலையில் எல்லாரையும் காக்கவைப்பவர் யார் என்ற வழக்குகளே நாற்பதாம் நாளில் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கின்றன. மெதுவாக ஓட்டுகிறவர் ஒரு மணி நேரம் முன்பாகவே புறப்பட்டுவிட வேண்டும் என்ற ஒரு சிறு விதியை முதல் நாளே ஏற்றுக்கொண்ட குழுவில் இந்த வழக்குகளில் பாதி பிறப்பதே இல்லை. வேகக்காரர் வழியில் அவரை வந்து பிடித்து, அளவளாவி, தாண்டிப் போக, மாலையில் முகாமில் இருவருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் போகிறது.

பைக்சென்டென்னியலின் தலைமையகம் இருந்த மான்டானா மாநிலத்து மிஸூலா நகருக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. அங்கிருந்த கோட்டையிலிருந்து 1897 ஜூன் 14 அன்று, லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸின் தலைமையில், இருபத்தைந்தாவது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பின வீரர்கள் சைக்கிளேறி, 1,900 மைல் தூரத்திலுள்ள ஸெயின்ட் லூயிஸ் நகரை ஜூலை 24 அன்று அடைந்தார்கள். கியர் கிடையாது; சாலை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் கிடையாது. மான்டானாவின் சேற்றில் சக்கரங்கள் சுற்ற மறுத்தன. நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் கெட்ட தண்ணீரைக் குடித்து நோயுற்று, மணலைத் தவிர்க்க ரெயில் தண்டவாளத்துக் கட்டைகளின்மீதே குலுங்கிக் குலுங்கி ஓட்டினார்கள். நாற்பத்தொரு நாட்களுக்கும் பங்கிட்டால் தினம் 46 மைல். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, தார்ச் சாலையும் பத்து கியரும் கைக்கு வந்தபின், உல்லாசமாகப் போனவர்களின் சராசரி 53. சாலையும் யந்திரமும் அடைந்த முன்னேற்றத்தோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் சொற்பமே. பலர் சேர்ந்து பல வாரம் போகும்போது நாளின் அளவை நிர்ணயிப்பது யந்திரமல்ல; இரவில் உடம்பு எவ்வளவு தேறி எழுகிறது என்பதும், கூட்டத்தில் மிக மெதுவாகத் தேறுகிறவர் யார் என்பதுமே என்று இந்த இரண்டு எண்களும் சொல்வதாக எனக்குப் படுகிறது. அந்த வீரர்கள் திரும்பும்போது ரெயிலில் அனுப்பப்பட்டார்கள். சைக்கிள் படை என்ற யோசனையை ராணுவம் மேற்கொண்டு வளர்க்கவில்லை.

வர்ஜீனியாவுக்கு வருவோம். ப்ளூ ரிட்ஜ் மலைதான் கிழக்கு நோக்கி வருபவர்களுக்குக் கடைசித் தடை. அதன் சரிவிலுள்ள ஆஃப்டன் என்ற சிற்றூரில் ஜூன் கரி என்ற அம்மையார், 1976இல் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்ற சைக்கிள்காரர்களுக்குத் தண்ணீரோடு தாம் சுட்ட பிஸ்கட்டுகளையும் கொடுக்கத் தொடங்கி, அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்து, 2012இல் காலமானார். யாத்திரிகர்கள் அவருக்குப் பிஸ்கட் அம்மாள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் திண்ணையும் இத்தகைய ஓட்டத்தின் சாதனங்களில் ஒன்று. அதை எந்த அளவுகோலால் அளப்பது?

மலை இறங்கியபின் பாதை போகப் போகச் சமதளமாகிறது. இந்தக் கடைசி நாட்களில்தான் குழுக்கள் அதிசயமாக நடந்துகொள்கின்றன. ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்தவர்கள் திடீரென்று பொறுமையிழந்து இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஓட்டத் துடிக்கிறார்கள். வேறு சிலர், மறுநாள் இந்தக் கூட்டம் இராதே என்ற எண்ணத்தில், டயரில் இல்லாத பஞ்சரைத் தேடி நிற்கிறார்கள். வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து யார்க்டவுனுக்குப் போகும் காலனியல் பார்க்வே, கூழாங்கல் பதித்த சொரசொரப்பான கான்கிரீட் தளம். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒரு முறை துள்ளும். 1781இல் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த அவ்வூரில், அந்த ஜயத்துக்காக எழுப்பிய ஸ்தம்பத்தருகே வந்து சேர்ந்து, பசிபிக் கரையில் பின் சக்கரத்தை நனைத்துப் புறப்பட்டவர்கள், யார்க் நதியில் முன் சக்கரத்தை நனைப்பது சம்பிரதாயம். நதிக்கரையில் கொஞ்ச நேரம் ஆரவாரம். பிறகு சைக்கிள்களைப் பிரித்துப் பெட்டியில் கட்டும் வேலை.

பைக்சென்டென்னியலை நடத்திய ஸ்தாபனம் 1990களில் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் மிஸூலாவில் இயங்குகிறது. அதே பாதையில் இன்றும் குழுக்கள் போகின்றன. அவற்றின் முடிவைப் பற்றி எழுதப் போகும் விளையாட்டு நிருபர், முதலில் வந்தவரிடம் எத்தனை நாளில் வந்தீர் என்று கேட்பதால் பிரயோஜனமில்லை. புறப்பட்டவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக வருபவர் வந்து இறங்கும்வரை காத்திருந்து, விட்டுப்போன பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். வந்தவர்கள் ஒருவரோடொருவர் இன்னும் பேசிக்கொள்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கவனிக்கட்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால், நாட்கள் எத்தனை ஆனாலும், அது முதல் தரமான ஆட்டம் என்று தயக்கமின்றி எழுதலாம்.