நெடுநல்வாடையில் கைவினையும் ஓவியமும்

சங்கப் பாடல்களில் காணப்படும் ஓவியம், சிற்பம், கட்டடம் பற்றிய குறிப்புகளைத் தொகுத்துரைப்பது தமிழாய்வில் நெடுநாளாக நிலவிவரும் ஒரு மரபாகும். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ (1956) இம்மரபிற்கு உறுதியான அடித்தளம் இட்ட நூல்களுள் ஒன்று. மரத்தாலும் சுதையாலும் துணியாலும் ஆன பழங்கலைப் பொருள்கள் பெரும்பாலும் அழிந்துபட்ட நிலையில், இலக்கியச் சான்றுகளைத் திரட்டும் பணி இன்றியமையாததாயிற்று. எனினும், பின்வந்த கட்டுரைகள் பல, செய்தியைப் பாட்டிலிருந்து பிரித்தெடுத்துப் பட்டியலிட்டதோடு அமைந்துவிட்டன. அக்கைவினைச் செய்தி பாட்டினுள் ஏன் வந்தது, வந்து என்ன செய்கிறது என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றுவிட்டது. இவ்விழப்பு மிகுதியாக நேர்ந்த பாட்டு நெடுநல்வாடை எனலாம்.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய இப்பாட்டு 188 அடிகளைக் கொண்டது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த காலந்தொட்டு இப்பாட்டைப் பற்றி எழுந்த விவாதம் பெரும்பாலும் இஃது அகமா, புறமா என்பதைச் சுற்றியே அமைந்துள்ளது. பாசறையில் முன்செல்வோன் ஏந்திய வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பது பாண்டியனைச் சுட்டும் அடையாளமாதலின் பாட்டு அகமாகாது என்பது நச்சினார்க்கினியர் முடிபு. ஒரு தழையினால் ஒரு பாட்டின் திணையையே துணியும் இம்முடிபை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆனால் இருசாராரும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர். அரண்மனையையும் கட்டிலையும் புனையும் நடுப்பகுதியை அவர்கள் அழகிய இடைப்பிறவரலாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அகத்தையும் புறத்தையும் பிணைக்கும் முடிச்சு அந்த நடுப்பகுதியில்தான் உள்ளது.

பயன்படாப் பொருள்கள்

பாட்டின் முற்பகுதி கூதிர்க்குளிரை உரைக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் நெருப்பில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். பறவைகள் மரத்திலிருந்து வீழ்கின்றன. பசுக்கள் கன்றுகளை உதைக்கின்றன. இக்குளிர் நகரினுள் நுழையும்போது நக்கீரர் அதனை மனிதர்மேல் அன்றிப் பொருள்கள்மேல் ஏற்றிச் சொல்வது நோக்கத்தக்கது. வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு வாளா கிடக்கிறது. கைவல்ல கம்மியன் அழகுறச் செய்த சிவந்த ஆலவட்டம் சுருக்கித் தொங்கவிடப்பட்டுச் சிலந்திநூல் படிந்திருக்கிறது. கூத்தியர் குளிரால் நிலைதிரிந்த யாழ்நரம்பைத் தம் மார்பின் வெம்மையால் தடவிப் பண்ணுக்கு இணக்குகின்றனர். இவற்றுள் ஒவ்வொன்றும் செய்நேர்த்தி மிக்கது. ஒவ்வொன்றும் இப்பருவத்தில் தன் தொழிலை இழந்தது. செய்தித் தொகுப்பாளர் ஆலவட்டத்தைக் குறித்துக்கொண்டு சிலந்தியை விட்டுவிடுவார். புலவர்க்கோ சிலந்தியே இன்றியமையாதது.

பொருளின் பிறப்பு

அடுத்து வரும் அரண்மனைப் புனைவில் வேறொரு முறை தொடங்குகிறது. நட்ட இருகோல்களின் நிழல் ஒருபக்கமும் சாராத நண்பகலில், நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கொண்டு மனைக்குக் கால்கொள்கின்றனர். அரண்மனை உயர்ந்தது, அழகியது என்று கூறி அமையாமல், அது நிலத்தில் முதன்முதல் குறிக்கப்பட்ட கணத்திலிருந்து புலவர் தொடங்குகிறார். கதவு இரும்பால் பிணிக்கப்பட்டு அரக்கு ஊட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. உள்ளே யவனர் செய்த பாவை ஏந்திய அகலில் நெய் சொரியப்பட்டுப் பருத்த திரியில் சுடர் நிமிர்ந்து எரிகிறது. ஒரு பொருளை அதன் வடிவால் மட்டும் அறிமுகம் செய்யாமல், அது எதனால், எவரால், எவ்வாறு ஆயிற்று என்பதைச் சொல்லி அறிமுகம் செய்வதே இங்குப் புலவரின் புனைவு நெறி. கைவினைஞனின் பட்டறையிலிருந்து பெறப்பட்ட இந்நெறியின் முழு ஆற்றலும் கட்டிலில் வெளிப்படுகிறது.

‘பாண்டில்’ எனப்படும் அக்கட்டில் யானைக்கோட்டால் ஆனது. அந்த யானை நாற்பது வயது நிரம்பியது. போரில் பொருது வீழ்ந்தது. கோடு தானே உதிர்ந்தது. அதனைச் சீவிக் கூரிய உளியால் இலைத்தொழில் செய்து, உள்ளிப்பூண்டின் வடிவில் திரண்ட கால்களைப் பொருத்தியிருக்கின்றனர். காலின் குடம்போன்ற பகுதிக்குக் கருவுற்ற மகளிரின் பருத்த மார்பு உவமையாகிறது. களத்துச் சாவிலிருந்து வந்த பொருள், தச்சன் கையில் தாய்மையின் வடிவம் பெறுகிறது. மேலே விரிக்கப்பட்டதோ பலநிறம் ஊட்டிய மயிர்களைக் கலந்து அரிமா வேட்டையைப் பொறித்து, முல்லைப் பூக்களை நிரைத்த விரிப்பு. முல்லை தலைவனை நோக்கி ஆற்றியிருத்தலுக்குரிய திணையின் பூ என்பதைத் தமிழ் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மெத்தையில் உள்ளது துணையொடு புணர்ந்த அன்னங்கள் உதிர்த்த தூவி. இணைந்த பறவைகளின் தூவிமேல் இணையற்றவள் ஒருத்தி படுத்திருக்கிறாள். இவ்வளவையும் புலவர் தம் குரலில் எங்கும் விளக்கவில்லை. மூலப்பொருள்களின் பெயர்களே விளக்கத்தின் பணியைச் செய்துவிடுகின்றன.

போரில் வீழ்ந்த யானையின் கோடு என்பது மன்னர் செல்வத்தைச் சிறப்பிக்கும் வழக்கமான புகழுரைதானே என வினவலாம். அவ்வினா நியாயமானது, இவ்வோரிடத்தில் மட்டும் யானை வந்திருப்பின் அதற்கு விடையும் இராது. ஆனால், அரசியின் துயர் தீரப் போர் முடிவதாக என்று கொற்றவையை வேண்டியவுடன் காட்சி பாசறைக்கு மாறும்போது, அங்கு முதலில் வருவன வெட்டுண்டு நிலத்தில் புரளும் யானைத் துதிக்கைகளே. அவ்யானைகளை வீழ்த்திப் புண்பட்ட வீரரைக் காணவே அரசன் கூடாரத்தை விட்டு வெளிவருகிறான். கட்டிலும் களமும் ஒரே மூலப்பொருளின் இரு நிலைகள். அரசி அரசனைப் பிரித்த போரின்மேலேயே துயிலின்றிக் கிடக்கிறாள். வேம்பு பாட்டுடைத் தலைவனை அடையாளம் காட்டுகிறது. தந்தமோ இரு உலகங்களையும் ஒன்றாக்குகிறது. திணைத் துணிபுக்கு வேம்பு போதும் என்றாலும், பாட்டின் அமைப்பை அறியத் தந்தத்தையே பற்ற வேண்டும்.

இரண்டு ஓவியங்கள்

அரசி அணிகளைக் களைந்திருக்கிறாள். பொன்வளை இருந்த கையில் சங்குவளையும் காப்புநூலும் உள்ளன; பட்டு இருந்த இடத்தில் எளிய நூலாடை. அவளுக்குப் புலவர் கூறும் உவமை, ஒப்பனை செய்யப்படாத ஓவியம். வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் வடிவு வரைந்த சித்திரம் என நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் காண்கிறார். உரையாசிரியர் ஓவியரின் தொழில்முறையை அறிந்து எழுதிய இவ்வொரு குறிப்பு பல பக்க விளக்கத்திற்கு ஈடாகும். வீடும் ஊரும் ஓவியம் போன்றன எனல் சங்கப் பாடல்களில் பயின்றுவரும் உவமை. நிறைவின் அழகே அங்குப் பொதுத்தன்மை. நக்கீரரோ ஓவியம் முற்றுப்பெறாமல் நிற்கும் கட்டத்தைத் தேர்ந்து, பிரிவைக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இடைப்பட்ட காலமாக ஆக்கிவிடுகிறார்.

அவள் தலைக்குமேலே முற்றுப்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கிறது. மெழுகு பூசிய புதிய துணியாலான மேற்கட்டியில், மேடம் முதலாக வான்வீதியும், திங்களை நீங்காத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. பரிபாடலின் 19ஆம் பாடலிலும் ஓவியம் காண்போர் உளர். பரங்குன்றத்து எழுத்து மண்டபத்தில் சுடர்களின் நிலையைப் பார்த்து அறிவோரும், காமன், இரதி, அகலிகை, பூனை வடிவெடுத்த இந்திரன் ஆகியோரைச் சுட்டிக் கேட்போரும் சொல்வோரும் காட்டப்படுகின்றனர். அங்கு ஓவியம் கூட்டத்திற்குரியது; அறிவும் களிப்பும் தருவது. இங்கு அதே வான்படம் ஒருத்தியின் தனிமைக்குரியதாகிறது. வண்ணமற்ற ஓவியம் வண்ணம் பெற்ற ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கிறது. செவிலியர் கூறிய ஆறுதல் மொழிகளால் ஆகாததை ஒரு மேற்கட்டி ஆக்கிவிட்டது. உரோகிணியை எழுதிய ஓவியன் அரண்மனைக்கு மங்கலம் என்றே எழுதியிருப்பான். கூதிர் இரவு அதனை வேறு பொருளில் படிக்க வைத்தது.

இதன்பின் பாசறையில் கைவினைப் பொருள்கள் அருகிப்போகின்றன. பாண்டில் விளக்கின் சுடர்கள், யவனப் பாவையின் நிமிர்ந்த சுடர்போலன்றி, வாடையால் தெற்கு நோக்கிச் சாய்ந்து எரிகின்றன. அரசியின்மேல் உரோகிணி எழுதிய மேற்கட்டி. அரசன்மேல் தூறலை மறைக்கும் மாலை தொங்கும் வெண்குடை. நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவியவாறு, ஒரு கையை வாளேந்திய இளைஞன் தோளில் வைத்து, நள்ளிரவிலும் உறங்காமல் அவன் புண்பட்டோரிடையே நடந்துகொண்டிருக்கிறான்.