பாலத்துக்கு நாற்பது நிமிஷம்

டூர் கைடு என்பவர் ஒரு பத்திரிகை ஆசிரியர் மாதிரி. எதை அட்டையில் போடுவது, எதைக் குப்பைக்கூடையில் போடுவது என்று அவர்தான் தீர்மானிக்கிறார். நாம் பஸ் ஜன்னல் வழியாக அவர் எடிட் செய்த நாட்டைப் பார்த்துவிட்டு, 'தாய்லாந்து பார்த்தாச்சு' என்று ஊருக்கு வந்து சொல்கிறோம். சினிமாவுக்கு விமர்சனம் உண்டு. புத்தகத்துக்கு உண்டு. ஹோட்டல் தோசைக்குக்கூட உண்டு. சேமிப்பைக் கரைத்துப் போகிற டூருக்கு மட்டும் ஏன் கிடையாது?

நான் எடுத்துக்கொள்வது பாங்காக், காஞ்சனபுரி, அயுத்தயா, சுகோதாய் வழியாக சியாங் மாய் வரை பஸ்ஸிலேயே போகிற ஏழு நாள் டூர். சென்னையிலிருந்து முப்பது பேர். கம்பெனி பெயர் வேண்டாம். பெயர் மாறினாலும் அட்டவணை பெரிதாக மாறாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் கைடு வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். எங்களுக்கு வந்த அம்மா கெட்டிக்காரர். வீட்டு வாசல்களில் குட்டிக் கோயில் மாதிரி நிற்கிற மாடங்களைக் காட்டி, "நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு சாமி சொந்தக்காரர். நாம அவர் இடத்தில வீடு கட்டிட்டோம். அதனால அவருக்கும் ஒரு வீடு" என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்மூர்ப் பேச்சில் தருகிறேன்.) அயுத்தயாவில் மரத்தின் வேர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட புத்தர் தலை இருக்கிறதே, அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உட்கார்ந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்; அவர் தலைக்கு மேல் நம் தலை போகக் கூடாது. அதை அதட்டாமல் சொல்லி முப்பது பேரையும் உட்கார வைத்தார். 1767-ல் பர்மியப் படை அந்த ஊரை எரித்த கதையை நேற்று நடந்த மாதிரி சொன்னார். பின் சீட்டில் இருந்த ஒரு மாமாவுக்கு பர்மாமேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்தவர் எதைச் சொல்லவில்லை என்பதில்தான் என் விமர்சனம் ஆரம்பிக்கிறது.

பாங்காக்கில் சிவப்பாக, வானத்துக்கு வாசல் வைத்த மாதிரி நிற்கிறது ராட்சத ஊஞ்சல். "முன்னே திருவிழாவில ஆடுவாங்க, 1935-ல நிறுத்திட்டாங்க. அஞ்சு நிமிஷம், போட்டோ" என்றார். அந்தத் திருவிழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! நம் மார்கழிப் பாட்டு எந்தக் காலத்திலோ கப்பலேறி, தாய்லாந்து அரசவை பிராமணர்களின் சடங்கில் உட்கார்ந்துகொண்டது. ஊஞ்சல் நின்ற பிறகும் பக்கத்தில் உள்ள அவர்கள் கோயிலில் சடங்கு நடக்கிறது. முப்பது தமிழர்களை ஏற்றி வந்த பஸ்ஸில் இதைச் சொல்ல ஆளில்லை. போகட்டும், இது பண்டிதர்கள் சமாசாரம். விட்டாலும் குடிமுழுகிவிடாது.

அன்று மதியம் ரத்தினக் கல் கடை. ஒன்றரை மணி நேரம்! வாசலில் குளிர்ந்த ஜூஸ், உள்ளே ஏஸி, வெளியே போகிற கதவு எங்கே என்று தெரியாத கட்டடம். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பல மலிவு டூர்களில் நாம் கட்டுகிற பணம் பஸ்ஸுக்கும் ரூமுக்குமே காணாது. மிச்சத்தைக் கடைக்காரர் தருகிற கமிஷன் ஈடுகட்டும். சீனாவிலிருந்து இப்படி அடக்க விலைக்கும் கீழே ஆட்களைக் கூட்டி வந்து கடை கடையாக இறக்கிய 'ஜீரோ டாலர்' டூர்கள்மேல் தாய்லாந்து அரசாங்கமே 2016-ல் நடவடிக்கை எடுத்தது. அட்டவணையில் நிமிஷங்களை யார் பங்கு போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது காஞ்சனபுரி. 'க்வாய் நதிப் பாலம்' - நாற்பது நிமிஷம்.

பஸ்ஸிலேயே முன்கதை ஆரம்பித்துவிட்டது. ஆனால் சொன்னது சரித்திரம் இல்லை, சினிமா. டேவிட் லீன் 1957-ல் எடுத்த படம், ஏழு ஆஸ்கர், விசில் அடித்துக்கொண்டு நடக்கும் கைதிகள். படம் எடுத்தது தாய்லாந்திலேயே இல்லை, இலங்கையில் கித்துல்கல பக்கம். கதை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் ஆற்றின் பெயரையே மாற்றி எழுதிவிட்டார். நிஜப் பாலம் நின்றது மே க்லாங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் 'எங்கே க்வாய்?' என்று துளைத்ததில், 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றி வைத்தார்கள். சினிமாவுக்காக ஆறு பெயர் மாற்றிக்கொண்டது, பாருங்கள்! கைடு இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். படத்தில் பாலம் மரம், வெடிவைத்துத் தகர்ப்பார்கள். நிஜத்தில் நிற்பது இரும்பு, ஜாவாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது, 1945-ல் விமானம் குண்டு போட்டு உடைத்தது. நடுவில் வளையாமல் கோணமாக நிற்கிற பகுதி போருக்குப் பிந்தியது. இதெல்லாம் சரியாகவே சொன்னார்.

அடுத்து யுத்தக் கல்லறைத் தோட்டம். 6,982 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பையன்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. புல் ஒரு அங்குலம் தவறி வளரவில்லை. இருபத்திரண்டு, இருபத்து நாலு என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் தொண்டை அடைக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதை அவர்களுக்கு வேண்டியதுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பர்மாவுக்குப் படையும் சாமானும் அனுப்ப ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் பாதையை 1942-க்கும் 1943-க்கும் நடுவே காட்டை வெட்டிப் போட்டார்கள். வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியக் கூலிகள்? ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்கிறார்கள், இரண்டரை லட்சம் என்கிறார்கள். செத்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரம் பேர் போல. அதில் மிகப் பெரும்பாலானவர்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். யுத்தத்தில் ரப்பர் விற்காமல் தோட்டம் படுத்துவிட்டது. மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று கூப்பிட்டார்கள். வர ஆள் குறைந்ததும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள்.

சிப்பாய்களுக்கு அங்கேயும் ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. அதிகாரி, டாக்டர், யார் எந்தக் குழியில் என்று ஒளித்து வைத்து எழுதிய நோட்டு. தோட்டத்துக் கூலிக்கு டாக்டரும் இல்லை, நோட்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிகளின் முகாம்கள் கூண்டோடு காலியானதற்கு அதுதான் காரணம். இன்றைக்கு ஒரு பக்கம் பெயர் பொறித்த கல்லும் இன்னொரு பக்கம் தோராயக் கணக்கும் இருப்பதற்கும் அதுவேதான் காரணம்.

ஒரு குரூரமான வேடிக்கை. அந்த பியர் பூல் 1930-களில் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? மலாயா ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டுகிற தமிழனைத் தினமும் பார்த்திருப்பார். அவர் கதையால் உலகப் புகழ் பெற்ற பாலத்தில் அந்தத் தமிழனுக்கு ஒரு இடமும் இல்லை.

கைடிடம் தனியாகக் கேட்டேன். முகம் மாறவில்லை. "ஏசியன் லேபர், நிறையப் பேர், தெரியும் சார். வெள்ளைக்காரங்க கேட்பாங்க, சொல்வேன். இந்தியன் குரூப் கேட்டதில்ல. சஃபாரி வேர்ல்டு உண்டானுதான் கேட்பாங்க" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சினிமாக் கதை எல்லா அரசாங்கத்துக்கும் சௌகரியம். 1942 ஜனவரியில் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டன்மேலும் அமெரிக்காமேலும் யுத்தம் அறிவித்த நாடு தாய்லாந்து. அதைப் பற்றி பஸ்ஸில் மூச்சுக் காட்டவில்லை. பிரிட்டனோ போர் முடிந்ததும் அந்த ரயில் பாதையை தாய்லாந்துக்கு விற்றுக் காசு பார்த்தது. செத்த தமிழனுக்காக வந்து கேட்க மட்டும் ஒரு அரசாங்கமும் இல்லை. மலேசியத் தமிழர்கள் மறக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். நம் பஸ்ஸில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் யாரும் இல்லை.

பார்க்க ஒன்றுமே இல்லை என்றால் கைடு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், 1944-ல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று. சாகடித்தவர்களே செத்தவர்களுக்கு வைத்தது. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு. அதில் தமிழும் உண்டு! கல்லறைத் தோட்டத்துக்குக் கிட்டத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்று ஒரு கோயில். கூலிகளின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. தமிழ் அமைப்புகள் சேர்ந்து 2023-ல் ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ரத்தினக் கடை நேரத்தில் அரை மணி மிச்சம்கூட ஆகும்.

அட்டவணையை மாற்ற முடியாது என்று டூர் மேனேஜர் சொல்வார், நம்பாதீர்கள். இதே காஞ்சனபுரியில் 'புலிக் கோயில்' என்று ஒன்று இருந்தது. புலிக்குட்டிக்குப் பால் புட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள பஸ் பஸ்ஸாகப் போனார்கள். 2016-ல் அதிகாரிகள் உள்ளே புகுந்து 137 புலிகளை வெளியேற்றினார்கள். குளிர்பெட்டியில் நாற்பது செத்த குட்டிகள். அதன் பிறகு எல்லா அட்டவணையிலிருந்தும் அந்த வரி காணாமல் போனது. ஒரு வரியை எடுக்க முடிந்தால் ஒரு வரியைச் சேர்க்கவும் முடியும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். முப்பதில் பத்துப் பேர் கேட்டால் போதும், அந்த அம்மாவுக்கு சஃபாரி வேர்ல்டோடு இதுவும் மனப்பாடம் ஆகிவிடும்.

சுகோதாயும் சியாங் மாயும் நன்றாகவே இருந்தன. சொல்ல அதிகம் இல்லை. வடக்கே 'நீண்ட கழுத்துப் பெண்கள்' கிராமத்தை மட்டும் தவிர்த்துவிடலாம். தாய்லாந்தின் மலைஜாதி என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கயான் பெண்களோ பர்மா ராணுவத்துக்குப் பயந்து எல்லை தாண்டி வந்த அகதிக் குடும்பங்கள். அதையும் பஸ்ஸில் சொல்லவில்லை.

டூரே வேண்டாம், தனியாகப் போகிறேன் என்கிறவர்களுக்கு: பாங்காக் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து நாம் தோக் வரை ஒரு பாசஞ்சர் ரயில் போகிறது. பாதிக்கு மேல் அந்தப் பழைய பாதைதான். 415 கிலோமீட்டரில் இன்னும் ரயில் ஓடுகிறது சுமார் 130-ல். பாலத்தைத் தாண்டி, தாம் க்ராசே பக்கத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால், அவர்கள் வெட்டிய பாறை. ஆறு தெரிய வேண்டுமென்றால் போகும்போது இடது பக்கமாக உட்காருங்கள்.